மூவாயிரம் கோடிப் பிணமும் ஒரு ரசீதும்

கரப்பான்பூச்சியை அடிக்கக்கூட மனைவியைக் கூப்பிடுகிற ரகம் நான். பாத்ரூமில் பல்லி இருந்தால், அது தன் வேலையை முடித்துக்கொண்டு வெளியே வரும்வரை துண்டும் சோப்புமாகக் காத்திருப்பவன். அப்படிப்பட்ட அடியேன், 2011-ம் வருஷம் ஆடி மாதத்தில் ஒருநாள், பட்டப்பகலில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்தபடி, மூவாயிரம் கோடிப் பிணங்களை ஒரு பெரியவருக்கு விற்றேன். மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தேன். ரசீதும் போட்டேன்.

அவசரப்பட்டு நூறுக்கு போன் போட்டுவிடாதீர்கள். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, அப்புறம் உங்கள் இஷ்டம்.

பி.காம். முடித்து (அதாவது, இரண்டு அரியர்களையும் சேர்த்து முடித்து) வீட்டில் தண்டச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னை, மாமா ஒருவர் உரக்கடையில் கணக்கெழுதச் சேர்த்துவிட்டார். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஊர். கடைக்குள் நுழைந்தாலே பூச்சிமருந்து நெடி மூக்கைப் பிடித்துக்கொள்ளும். முதல் வாரம் நான் சாப்பிட்ட மோர்சாதம்கூடப் பூச்சிமருந்து மாதிரிதான் மணத்தது. முதலாளி நல்ல மனுஷர். தினம் இரண்டு டீ, தீபாவளிக்குச் சட்டைத்துணி. கணக்கு ஒரு ரூபாய் உதைத்தால் மட்டும் ராத்திரி பத்து மணி ஆனாலும் வீட்டுக்கு விடமாட்டார்.

ஸ்டாக் ரிஜிஸ்டரில் யூரியா இத்தனை மூட்டை, டி.ஏ.பி. இத்தனை, பொட்டாஷ் இத்தனை என்று எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்திருந்தன. ஒரே ஒரு அயிட்டம்தான் பிடிபடவில்லை. 'ரைசோபியம், 200 கிராம் பாக்கெட்.' பேரைக் கேட்டால் வெளிநாட்டுக் கால்பந்து வீரர் மாதிரி இருந்தது. பிரித்துப் பார்த்தால் கறுப்பாக ஒரு பொடி.

"என்ன மொதலாளி இது?"

"உயிர் உரம்டா. மல்லாட்டைக்கு, உளுந்துக்கெல்லாம் போடறது. வெவசாய ஆபீஸ்ல சொல்றாங்க, ஜனங்க வந்து கேக்குது, வெச்சிருக்கோம். நீ போய் பேலன்ஸைப் பாரு."

(வெளியூர் வாசகர்களுக்கு: மல்லாட்டை என்றால் நிலக்கடலை.)

'உயிர் உரம்' என்ற இரண்டு வார்த்தைகளில் முதல் வார்த்தையை நான் சட்டையே செய்யவில்லை. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'குளிர்ந்த, நிழலான இடத்தில் வைக்கவும். ரசாயன உரம், பூச்சிமருந்துகளுடன் சேர்த்து வைக்க வேண்டாம்' என்று அச்சிட்டிருந்தது. எங்கள் கடையில் குளிர்ந்த இடம் என்றால் முதலாளி தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிற இடம் ஒன்றுதான். பாக்கெட்டுகள் குடோனில் இருந்தன. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இந்தப் பக்கம் யூரியா மூட்டை, அந்தப் பக்கம் பூச்சிமருந்து டின். கத்திரி வெயிலில் அந்தக் குடோனுக்குள் போய்விட்டு வந்தால், நானே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்த பிறகுதான் உயிருள்ள ஜீவன் மாதிரி பேசுவேன்.

மேற்படி பாக்கெட்டுகள் டிசம்பர் 2010 தயாரிப்பு. ஆயுள் ஆறு மாதம். ஜூனோடு கதை முடிந்தது. ஆடிப்பட்டத்துக்காகப் புதிதாக ஓர் அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. இந்த இடத்தில்தான் என் கல்லூரிப் படிப்பு கைகொடுத்தது. 'ஃபிஃபோ' என்று ஒரு சமாசாரம். முதலில் வந்த சரக்கை முதலில் தள்ளு. மூன்று வருஷத்தில் என் மண்டையில் உருப்படியாக ஏறியது அது ஒன்றுதான். புதுப் பெட்டியைப் பின்னால் தள்ளி, பழசை முன்னால் இழுத்து வைத்தேன்.

லேசாக ஒரு உறுத்தல். "மொதலாளி, இதுல ஜூன் வரைக்கும்னு போட்டிருக்கே?"

"பாத்தா மண்ணு மாதிரிதானே இருக்குது? மண்ணுக்கு எங்கடா எக்ஸ்பைரி?"

அசைக்க முடியாத தர்க்கம்! தவிர, விற்காவிட்டால் 'டெட் ஸ்டாக்' என்று தலைப்புப் போட்டு நஷ்டத்தில் எழுத வேண்டும். சின்னத் தொகைதான். ஆனாலும் ரிஜிஸ்டரில் சிவப்பு மை விழுவது எனக்குப் பிடிக்காது.

அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார். தோளில் பச்சைத் துண்டு. "கரும்பு போட்டுப் போட்டு அலுத்துப்போச்சி தம்பி. இந்தத் தபா ரெண்டரை ஏக்கரும் மல்லாட்டைதான். இதைப் போடச் சொன்னாங்க. ஆறின கஞ்சில கலந்து, வெதையில பொரட்டி, நெழல்ல காய வெக்கணுமாமே?"

"ஆமாங்க அய்யா" என்றேன், ஏதோ ஏழு தலைமுறையாகக் கஞ்சியில் பொரட்டியவன் மாதிரி. ரெண்டரை ஏக்கருக்கு மூன்று பாக்கெட். பொடி வடிவ ரைசோபியம் என்றால் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி பாக்டீரியா உயிரோடு இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் உரக் கட்டுப்பாட்டு ஆணை. ஒரு பாக்கெட்டுக்கு ஆயிரம் கோடி. உலக ஜனத்தொகையைவிட அதிகம். மூன்று பாக்கெட்டுக்கு மூவாயிரம் கோடி. தலைப்புக்கு விளக்கம் கிடைத்துவிட்டதா?

* * *

ஒரு மாதம் கழித்து அதே பச்சைத் துண்டு. தோளில் அல்ல, கையில். அவிழ்த்தால் உள்ளே நாலைந்து மல்லாட்டைச் செடிகள். இலையெல்லாம் வெளிறிப்போய் மஞ்சள் தட்டியிருந்தது. பெரியவர் ஒரு செடியின் வேரை என் கணக்குப் புத்தகத்தின் மேலேயே வைத்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குருணை அளவில் சில முடிச்சுகள். அதில் ஒன்றைக் கிள்ளியெடுத்து, கட்டைவிரல் நகத்தால் இரண்டாகப் பிளந்து, என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

வெள்ளையாக இருந்தது. அதற்கென்ன என்று நினைத்தேன்.

"தம்பி... நீ குடுத்தது உசுரோட இருந்துச்சா?"

முதலாளி அன்றைக்கு வெளியூர். உரக்கடையில் எந்தப் புகாருக்கும் சொல்ல வேண்டிய பதிலை அவர் எனக்குப் பாடம் பண்ணி வைத்திருந்தார். அதை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தேன்.

"இருந்துச்சுங்க அய்யா. மழையில்ல பாருங்க, அதான் மஞ்சளடிக்குது. ரெண்டு மழை பேஞ்சா எல்லாம் சரியாயிடும்."

அவர் என் முகத்தையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு செடிகளைத் துண்டில் சுருட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். நான் புத்தகத்தின் மேலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தேன். அன்றைக்குக் கணக்கு ஒரு பைசா உதைக்கவில்லை.

* * *

2012-ல் கடையை விட்டேன். சென்னைக்கு வந்து, ஊரார் கணக்கை எழுதி, அலுத்துப்போய்ப் பத்திரிகைக்கு எழுதி, கல்யாணம் செய்துகொண்டு, கூடுவாஞ்சேரியில் இரண்டாவது மாடியில் குடியேறினேன். 2020-ல் ஊரடங்கு. நாடே மொட்டைமாடிக்கு ஏறியபோது நானும் ஏறினேன். ஏழெட்டுப் பை வாங்கி, கழுவிய தேங்காய்நார்க் கழிவை நிரப்பி, காராமணி ஊன்றினேன்.

ஜோராக முளைத்தது. மூன்றே வாரத்தில் மஞ்சளடித்தது. "ஏங்க, மஞ்சக்காமாலைக்குக் கீழாநெல்லி குடுத்துப் பாருங்களேன்" என்றாள் என் சகதர்மிணி.

ஊரடங்கு தளர்ந்த பிறகு, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வேளாண் விரிவாக்க மையத்தில் போய் விசாரித்தேன். அங்கிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தேங்கா நார்ல என்ன சார் இருக்கும்? மண்ணுல வேலைக்காரங்க இருப்பாங்க. நார்ல ஆளே கெடையாது. ஆள் இல்லாத ஆபீஸ்ல வேலை எப்படி நடக்கும்?" என்று ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினார். ரைசோபியம், 200 கிராம். பழைய சிநேகிதன்!

இந்தத் தடவை பின்பக்கத்தை எழுத்து விடாமல் படித்தேன். அதோடு நிற்காமல், கையில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தேன். அதன் சாரத்தை காமர்ஸ் பாஷையில் சொல்கிறேன்.

காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன். செடிக்கு அது உயிர்நாடி. ஆனால் எடுத்துக்கொள்ள முடியாது. பீரோ நிறையப் பணம், சாவி தொலைந்துவிட்டது என்கிற கதை. மனிதன் அந்தப் பீரோவை உடைத்துத் திறந்தான். ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் ஹேபர் 1909-ல் சோதனைச்சாலையில் செய்து காட்ட, கார்ல் போஷ் 1913-ல் அதைத் தொழிற்சாலை ஆக்கினார். அதற்கு 400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் நூறு, இருநூறு மடங்கு அழுத்தம் வேண்டும். நான் மூட்டை மூட்டையாக வரவு வைத்த யூரியாவின் பூர்வீகம் அதுதான்.

ரைசோபியம் என்கிற பொடியன், அதே காரியத்தைச் சூடும் அழுத்தமும் இல்லாமல் வேருக்குள் உட்கார்ந்தபடி செய்கிறான். 1888-ல் ஹாலந்துக்காரர் பெய்ஜரிங்க் இவனை வேர்முடிச்சிலிருந்து தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார்.

ஆளை எப்படி வேலைக்குச் சேர்க்கிறது செடி? வேரிலிருந்து ஒருவித ரசாயனத்தைக் கசியவிடுகிறது. 'ஆட்கள் தேவை' போர்டு! பாக்டீரியா பதிலுக்குத் தன் ரசாயனத்தை அனுப்புகிறது. அது பயோடேட்டா! பொருந்தினால் உள்ளே அனுமதி. பட்டாணி மாதிரிச் செடிகளில் வேர்முடி சுருண்டு, முன்வாசல் வழியாக அழைத்துப் போகும். மல்லாட்டையில், பக்கவேர் புறப்படுகிற இடுக்கு வழியாக நுழைகிறார்கள். சிபாரிசில் வருகிற ஆட்கள் போலிருக்கிறது. உள்ளே வந்ததும் தங்குவதற்கு முடிச்சு என்கிற குவார்ட்டர்ஸ். இலையில் சமைத்த சர்க்கரைதான் சம்பளம். வேலை, நைட்ரஜன் தருவது.

டபுள் என்ட்ரிதான். சர்க்கரை பற்று, நைட்ரஜன் வரவு.

வேலை செய்யாமல் கையெழுத்து மட்டும் போடுகிறவர்களும் இருப்பார்களே என்று உங்கள் ஆபீஸ் அனுபவத்தை வைத்துக் கேட்பீர்கள். இருக்கிறார்கள். 2003-ல் சோயாச் செடியில் ஒரு சோதனை செய்தார்கள். சில முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துவிட்டு, உள்ளே இருப்பவர்கள் நினைத்தாலும் வேலை செய்ய முடியாதபடி ஆக்கினார்கள். செடி கண்டுபிடித்துவிட்டது. அந்த முடிச்சுகளுக்குப் போகிற ஆக்ஸிஜனைக் குறைத்தது! மெமோ, விளக்கம், என்கொயரி எதுவும் கிடையாது.

வேருக்கு வெளியிலும் கூட்டம்தான். நெல்லின் வேரை ஒட்டி வாழும் அசோஸ்பைரில்லம், கொஞ்சம் நைட்ரஜனோடு வேரை வளர்க்கிற ஹார்மோனையும் தருகிறது. சூடோமோனாஸ் ஃப்ளோரசென்ஸ் என்று ஒரு வாட்ச்மேன். சுற்றுவட்டாரத்து இரும்புச்சத்தையெல்லாம் தானே வளைத்துப்போட்டு, நோய் பரப்பும் பூஞ்சைகளைப் பட்டினி போடுவான். வேரைச் சுற்றியுள்ள இந்தக் கடைத்தெருவுக்கு 1904-லேயே ஹில்ட்னர் என்ற ஜெர்மானியர் ஒரு பெயர் வைத்துவிட்டார்: ரைசோஸ்பியர். நாம் 'மண்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிற இடத்தில் இத்தனை பேர் குடித்தனம் நடத்துகிறார்கள்.

நான் ஆறின கஞ்சியில் பொரட்டி மறுபடி காராமணி ஊன்றினேன். நாற்பதாவது நாள் இலைகள் கரும்பச்சை. ஆர்வம் தாங்காமல் ஒரு செடியைப் பிடுங்கினேன். வேர் முழுக்க முடிச்சு. ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்தேன்.

ரோஸ் நிறம்! நறுக்கிய விரல் மாதிரி ஒரு சிவப்பு.

ஏன் சிவப்பு என்பதையும் படித்திருந்தேன். பாக்டீரியா நைட்ரஜனைப் பிடிக்க உபயோகிக்கும் நொதிக்கு ஆக்ஸிஜன் ஆகாது. ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்ஸிஜன் வேண்டும். இந்த மாமியார்-மருமகள் சிக்கலைத் தீர்க்க, ஆக்ஸிஜனை அளந்து கொடுக்கும் ஒரு புரதம் முடிச்சில் ஊறுகிறது. லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்தில் இருப்பதற்கு ஒன்றுவிட்ட தம்பி. முடிச்சு சிவந்திருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. வெளுத்திருந்தால் நடக்கவில்லை.

வெளுத்திருந்தால்...

மொட்டைமாடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கணக்குப் புத்தகத்தின் மேல் மண். கட்டைவிரல் நகம். என் முகத்துக்கு நேரே நீட்டிய வெள்ளை முடிச்சு. அந்தப் பெரியவர் என்னிடம் புகார் சொல்ல வரவில்லை. ஆதாரத்தையே கொண்டுவந்து காட்டியிருக்கிறார். பட்டதாரிக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

* * *

போகலாமா வேண்டாமா என்று இரண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். எனக்கு நானே வக்கீலாகவும் வாதாடிப் பார்த்தேன். இரும்புச்சத்துக் குறைந்தாலும் மல்லாட்டை மஞ்சளடிக்குமே? மண்ணில் ஏற்கெனவே உள்ளூர் பாக்டீரியாக்கள் கொஞ்சம் இருந்திருக்குமே? எல்லாம் சரியான பாயின்ட்தான். ஆனால் ராத்திரியில் தூக்கம் வரவேண்டுமே!

2022 டிசம்பர், மார்கழிப் பட்டத்துக்கு முன் போனேன். மல்லாட்டைக்கு என்று கேட்டு வாங்கிய மூன்று பாக்கெட்டுகளை ஈரத்துணியில் சுற்றி, டிபன் பைக்குள் வைத்து, பஸ்ஸில் வெயில் படாத ஸீட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன். கைக்குழந்தையைக்கூட அவ்வளவு ஜாக்கிரதையாகத் தூக்கிப்போனதில்லை.

கடை இருந்த இடத்தில் செல்போன் ரிப்பேர்க் கடை. அடையாளம் சொல்லி விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பெரியவர் திண்ணையில் இருந்தார். நான் யாரென்று சொல்லி முடிப்பதற்குள், "மூணு பாக்கெட்டு. எண்ணிச் சில்லறை குடுத்தியே, கணக்குப்புள்ள" என்றார்.

"அய்யா, அது காலாவதியான சரக்கு. தெரிஞ்சேதான் குடுத்தேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் பதறவில்லை.

"சரக்கு செத்ததுன்னு எனக்கும் சந்தேகம்தான். அதான் வந்து கேட்டேன். அன்னிக்கே ஆமான்னு சொல்லியிருந்தீன்னா, சாயங்காலமே கொஞ்சம் யூரியா எறைச்சி தண்ணி கட்டியிருப்பேன். பயிரு தேறியிருக்கும். படிச்ச புள்ள சொல்லுதேன்னு ரெண்டு மழைக்குக் காத்திருந்தேன் பாரு... அதுலதான் போச்சி. பாதிதான் கண்டுச்சி."

உள்ளேயிருந்து பெண்குரல்: "என் தோடு பேங்க்குக்குப் போன கதையையும் சொல்லு."

"அதான் மூணு வருஷத்துல மூட்டாச்சுல்ல? சும்மா இரு" என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார்.

பாக்கெட்டைக் கொன்றது குடோன் வெயில். அதற்கு நான் ஆயிரம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அந்த 'ரெண்டு மழை' மட்டும் என் சொந்தச் சரக்கு. அதை எந்த ரிஜிஸ்டரிலும் நான் எழுதவில்லை. அந்த அம்மாள் மூன்று வருஷம் வெறும் காதோடு இருந்து எழுதியிருக்கிறார்.

தலையைக் குனிந்தபடி டிபன் பையைத் திறந்து பாக்கெட்டுகளை நீட்டினேன். பெரியவர் வாங்கியதும் முதல் காரியமாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். கண்ணுக்கு எட்டவில்லை. பேரனைக் கூப்பிட்டார். "தேதி படிடா."

பையன் படித்தான். இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

"எவ்வளவு?" என்றார், இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து.

"அய்யோ, காசெல்லாம் வேண்டாங்க அய்யா."

"வாங்கிக்க. சும்மா வாங்கினா நாளைக்குக் கேள்வி கேக்க முடியாது பாரு."

வாங்கிக்கொண்டேன். கிளம்ப எழுந்தேன்.

"ரசீது?"

பேரனின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து எழுதினேன். தேதி. ரைசோபியம், 200 கிராம், 3 பாக்கெட். தொகை. அதற்குக் கீழே, எந்த அக்கவுண்டன்சி புத்தகத்திலும் இல்லாத ஒரு வரி: 'சரக்கு உயிருடன் உள்ளது.'

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேரன் அதையும் சத்தமாகப் படித்துக் காட்டினான்.